தொங்குகிறவனின் கைகள்

சிரிக்காதீங்க அக்கா. கண்டக்டர் இந்தப் பக்கமே பார்க்கிறாரு. நீங்க சிரிச்சா நான்தான்னு கண்டுபிடிச்சிடுவாரு.

ஆமா, அவரு குரல்ல கத்தினது நான்தான். "உள்ள போ, உள்ள போ, எவ்வளவு இடம் கெடக்கு பாரு, நடுவுல என்ன கல்யாணமா நடக்குது." பாவம், அவரு வாயைத் திறக்கவே இல்ல. முன்னாடி நின்ன அத்தனை பேரும் மடமடன்னு பின்னாடி வந்துட்டாங்க. அந்தப் பச்சைச் சட்டைக்காரர், "வர்றோம்யா, ஏன்யா வெரட்டுற"ன்னு அவரையே திட்டிட்டாரு.

எனக்கு எந்தக் குரலும் வரும் அக்கா. ஒருத்தரை ரெண்டு நிமிஷம் கேட்டாப் போதும். எங்க கெமிஸ்ட்ரி மிஸ், பால் பூத்காரர், எதிர்வீட்டு நாய், எல்லாம் வரும். ஹெச்.எம். குரல்ல ஒருநாள் மைக்ல, "மாணவிகளின் நலன் கருதி இன்று அரைநாள் விடுமுறை"ன்னேன். ரெண்டு செக்‌ஷன் பிள்ளைங்க பையைத் தூக்கிக்கிட்டு கேட் வரைக்கும் போயிட்டாங்க. ஒரு வாரம் சஸ்பெண்ட். அதெல்லாம் சும்மா.

யூனிஃபார்ம்ல எங்க போறேன்னு பார்க்கிறீங்க. மணப்பாறைக்கு. நீங்களும் அங்கயா? நல்லதாப் போச்சு. இந்த அட்ரஸ் எங்கன்னு பாருங்களேன். "முறுக்குக் கம்பெனிக்குப் பின்புறம்"னு எழுதியிருக்கு. மணப்பாறையில முறுக்குக் கம்பெனிக்குப் பின்புறம் இல்லாத வீடு எது?

சொந்தக்காரங்க இல்ல. ஃபிரெண்டு வீடும் இல்ல. சுகந்தின்னு ஒருத்தங்க. நான் பார்த்ததே கிடையாது. குரல் மட்டும் தெரியும்.

சொல்றேன். ஆனா நடுவுல "அச்சச்சோ"ன்னு சொல்லக் கூடாது. எனக்குப் பிடிக்காது.

எங்க அத்தை டாரட் பார்க்கும். அப்பாவோட தங்கச்சி, எங்க மாடியிலதான் இருக்கு. டாரட்னா கிளி ஜோசியம் மாதிரிதான், படம் போட்ட அட்டைகள். கிளிக்குப் பதிலா அத்தையே எடுக்கும். இப்படிச் சொன்னா அத்தைக்குக் கோபம் வந்துடும். "கிளின்னு சொல்லாதடி, இது இன்டர்நேஷனல்"னு கத்தும். ஊரெல்லாம் ஃபோன் பண்ணுவாங்க. டாரட் புவனா மேடம். வீட்டுல "ஏண்டி, குக்கர் ஆறு விசில் அடிச்சிருச்சு, காது என்ன அவிஞ்சா போச்சு"ன்னு கத்துற அதே தொண்டைதான். அந்தத் தனி ஃபோன் அடிச்சதும் பார்க்கணுமே. "சொல்லுங்கம்மா... மனசைத் தாமரை மாதிரி வச்சுக்கங்க... மூணு தடவை மூச்சு இழுத்து விடுங்க... ஆங்." அந்த "ஆங்" இருக்குல்ல, அதுலதான் எல்லாரும் விழுவாங்க.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அத்தை வயலூர் கோயிலுக்குப் போயிடும், ஃபோனைச் சார்ஜ்ல போட்டுட்டு. மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு செவ்வாய். நானும் என் ஃபிரெண்டு ரஃபியாவும் மாடியில படிச்சுக்கிட்டிருந்தோம். படிச்சோம்னு வச்சுக்கங்களேன். ஃபோன் அடிச்சது. ரஃபியா "எடுடி, எடுடி"ன்னா. எடுத்தேன்.

"சொல்லுங்கம்மா... ஆங்."

ரஃபியா துப்பட்டாவை வாயில அடைச்சுக்கிட்டா.

"மேடம், நான் மணப்பாறை சுகந்தி. போன மாசம் பேசினேன்ல, ரோஸ் கல்லு வளையல்கூட கூரியர்ல அனுப்பினீங்க..." இப்படித்தான் பேசினாங்க, இப்படியே. நாக்கு நுனியால, மூச்சுக்குள்ளேயே பேசுறது. வாக்கியம் முடியுறதுக்கு முன்னாடி ஒரு நிறுத்து, பின்னாடி திரும்பிப் பார்த்துட்டு வர்ற மாதிரி. அப்புறம் மிச்சம். பின்னாடி மிக்ஸி ஓடிக்கிட்டே இருந்தது. அதுல ஒண்ணும் அரைபடல அக்கா, வெறும் மிக்ஸி. காலி மிக்ஸிக்குன்னு தனிச் சத்தம் உண்டு, ஙீஈஈன்னு. ரஃபியா காதுல, "காலி மிக்ஸியைப் போட்டுட்டுப் பேசுது, லூசா"ன்னு கேட்டேன். அவ உருண்டு உருண்டு சிரிச்சா.

அவங்க கேட்டது இதுதான். ஓசூர்ல கிறிஸ்டின்னு ஒருத்தங்க. முன்னாடி இவங்களோட வேலை பார்த்தவங்க, இப்ப பெல்ட் தைக்கிற கம்பெனியில இருக்காங்களாம். "கிளம்பி வா, வேலை இருக்கு, ஹாஸ்டல்ல பாப்பாவையும் வச்சுக்கலாம்"னு சொல்லியிருக்காங்க. "புதன்கிழமை போயிடலாமான்னு இருக்கேன் மேடம். யாருக்கும் சொல்லல. உங்ககிட்ட மட்டும்தான். அவரு இனிமே மாறிடுறேன்னு சொல்றாரு. போகவா, இன்னும் கொஞ்ச நாள் இருந்து பார்க்கவா?"

நான் அட்டையைக் கலைச்சேன். நிஜமாவே கலைச்சேன், ஏமாத்தல. அத்தை பண்ற மாதிரியே இடது கையால மூணு தடவை வெட்டி, ஒண்ணு எடுத்தேன். ஒருத்தன் ஒத்தைக் கால்ல நிக்கிறான். இன்னொரு காலை மடிச்சு வச்சிருக்கான், தலையைச் சுத்தி மஞ்சளா ஒரு வட்டம். ரெண்டு கையும் முதுகுக்குப் பின்னாடி. மூஞ்சியில ஒரு சிரிப்பு, நம்ம பிரேயர்ல கண்ணை மூடித் தூங்குவோம்ல, அந்த மாதிரி. அத்தையோட அட்டையெல்லாம் ஓரம் தேஞ்சு எழுத்தே போயிடுச்சு. ஆனா ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் ஒரு நோட்டுல தமிழ்ல எழுதி வச்சிருக்கும். தேடினேன். "பன்னெண்டு. தொங்குபவன். மஞ்சள் ஒளிவட்டம், ஒரு கால் மடிப்பு." நேர்னு ஒரு பக்கம், தலைகீழ்னு ஒரு பக்கம்.

இவன் தொங்கலையே, நிக்கிறானேன்னு பார்த்தேன். சரி, தலை மேல இருக்கு, அப்ப நேராத்தான் வந்திருக்கான்னு நினைச்சேன். நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க? தலை மேல இருந்தா நேருதானே?

நேர்ல எழுதியிருந்ததை அப்படியே படிச்சேன். அத்தை குரல்ல. "அம்மா, உங்களுக்குத் தொங்குபவன் வந்திருக்கான். காத்திருங்கன்னு சொல்றான். அவசரப்படாதீங்க. இருக்கிற இடத்துலேயே அசையாம இருங்க. நீங்க பண்ற தியாகம் வீண் போகாது. அவன் முகத்தைப் பாருங்க, எவ்வளவு அமைதி... ஆங்." ஃபோன்ல எப்படி முகத்தைப் பார்க்கிறது, அதுகூடத் தோணல எனக்கு.

கொஞ்ச நேரம் மிக்ஸி மட்டும். அப்புறம், "சரிங்க மேடம். அப்ப இருந்துக்கிறேன்." மிக்ஸி நின்னுச்சு. ஃபோனும் நின்னுச்சு.

ரஃபியா என்னைக் கட்டிப்பிடிச்சு, "நீ எங்கேயோ போகப் போறடி"ன்னா. மறுநாள் லஞ்ச்ல சுகந்தி குரலைச் செஞ்சு காட்டினேன், மிக்ஸியோட சேர்த்து. டிபன் பாக்ஸைத் தட்டித் தட்டிச் சிரிச்சாங்க. ஒன்ஸ்மோர் கேட்டாங்க அக்கா. கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்குக்கூட யாரும் ஒன்ஸ்மோர் கேட்டதில்ல.

இது ராம்ஜிநகர்தானே? இன்னும் தூரம் இருக்கு.

அப்புறம் போன வியாழக்கிழமை. அத்தைக்கு வர்ற வாய்ஸ் மெசேஜையெல்லாம் கேட்டு நோட்டுல எழுதி வைக்கிறது என் வேலை. அத்தைக்குக் காதுல வச்சுக் கேட்டா தலை வலிக்குமாம். அதுல சுகந்தியோடது ஒண்ணு. "மேடம், நீங்க சொன்ன மாதிரியே இருந்துட்டேன். இன்னும் எவ்வளவு நாள்னு கார்டுல தெரியுமா மேடம்?" அவ்வளவுதான்.

குரல் மாறியிருந்தது. சரி, புதுசா இருக்கே, ரஃபியாகிட்ட செஞ்சு காட்டலாம்னு பார்த்தா எனக்கு வரல. வரவே இல்ல அக்கா. எனக்கு வராத குரலே கிடையாது. அஞ்சு தடவை, பத்துத் தடவை கேட்டேன். அப்புறம்தான் பிடிபட்டது. ம-வும் ப-வும் சரியா வரல அவங்களுக்கு. உதடு ஒட்டினாத்தானே அந்த எழுத்து வரும்? ஒட்டல. ஒரு பக்கம் காத்து போகுது.

கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்தேன். சும்மா பேசினா வரல. கீழுதட்டை இப்படி, இந்த ஓரத்துல ரெண்டு விரலால பிடிச்சு, வெளிய இழுத்து, தடிமனா ஆக்கி வச்சுக்கிட்டேன். "வேண்டாம், வேண்டாம்"னு சொல்லிப் பார்த்தேன். "மேடம்" சொன்னேன். அப்படியே வந்தது. அச்சு அசல். கையை எடுத்தா போயிடுது, கையை வச்சா வருது.

கொஞ்ச நேரம் கையை வச்சுக்கிட்டே நின்னேன்.

அப்பதான் எனக்கு அந்தக் காலி மிக்ஸி புரிஞ்சது.

அச்சச்சோ சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல.

அத்தைகிட்ட போய்ச் சொன்னேன். எல்லாத்தையும். அத்தை அடிக்கும்னு நினைச்சேன், அடிக்கல. "எப்படி வந்துச்சு அட்டை"ன்னு கேட்டுச்சு. "நேராத்தான் அத்தை, தலை மேல." அத்தை பெட்டியைத் திறந்து அந்த அட்டையை எடுத்து மேசையில வச்சுச்சு. "அடிப்பாவி, இவன் தொங்குறவன்டி. மரத்துல ஒத்தைக் காலைக் கட்டித் தலைகீழாத் தொங்குறான். அட்டையை நேரா வச்சாத்தான் அவன் தலை கீழ இருக்கும். தலை மேல இருந்துச்சுன்னா நீ எடுத்தது தலைகீழ் அட்டை."

நோட்டைப் புரட்டினேன். தலைகீழ் பக்கம். "வீண் தியாகம். போதும். கட்டை அவிழ். கிளம்பு."

கிளம்பு! பார்த்தீங்களா? அட்டை சரியாத்தான் சொல்லியிருக்கு. நான் படிச்ச பக்கம்தான் தப்பு. அந்தத் தலைகீழ் பக்கத்தை மட்டும் படிச்சிருந்தா புதன்கிழமையே அவங்க ஓசூர்ல இருந்திருப்பாங்க. பெட்டியில இருக்கிற மத்த அட்டை எதை வேணும்னாலும் பிடிங்க, தலை மேல இருந்தா நேரு. இவன் ஒருத்தன்தான் இப்படி. அவன்தான் எனக்கு வரணுமா?

அத்தை சொல்லுச்சு, "இனிமே இதைப் பத்திப் பேசாத. கேஸு கீஸுன்னு வந்தா என் பேருதான் வரும். இருக்கச் சொன்னது கார்டு, நாம இல்ல. அவளும் இஷ்டப்பட்டுத்தான் இருந்தா. இவன் மூஞ்சியைப் பாரு, யாராவது கட்டித் தொங்கவிட்ட மாதிரியா இருக்கு? அவனா போய்த் தொங்குறான். உலகத்தைத் தலைகீழாப் பார்க்கணும்னு தொங்குறான். அதான் தலையைச் சுத்தி ஒளி. மரத்துல பாரு, இலைகூடத் துளிர்த்திருக்கு. அது உயிருள்ள மரம்."

"அப்ப கை ஏன் அத்தை பின்னாடி இருக்கு?"

"சும்மா வச்சிருக்கான்."

"கட்டியிருந்தா?"

"கட்டல."

"பின்னாடி இருக்கே, தெரியவே இல்லையே. கட்டியிருக்கா இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அத்தை அட்டையைத் திருப்பிக்கூடப் பார்த்துச்சு அக்கா, சத்தியமா. பின்னாடி படம் இருக்கிற மாதிரி. எல்லா அட்டைக்கும் இருக்கிற நீலக் கட்டம்தான் இருந்தது. "போய்ப் படி, பன்னெண்டாவது"ன்னு விரட்டிடுச்சு.

அதான் நானே சரி பண்ணிடலாம்னு நேத்து மத்தியானம் அத்தை தூங்குறப்ப அதோட குரல்ல ஒரு வாய்ஸ் அனுப்பினேன். "அம்மா, அன்னைக்கு அட்டையைத் தப்பாப் பார்த்துட்டேன். கட்டை அவிழ்னு சொல்லுது. பாப்பாவைக் கூட்டிக்கிட்டு உடனே கிளம்புங்க... ஆங்." ஊர் பேரு சொல்லல, நான் என்ன முட்டாளா? நல்லா வந்திருந்தது. அத்தையே கேட்டாலும் தான் பேசினதுன்னுதான் நினைக்கும்.

ரெண்டு டிக்கும் நீலமாயிடுச்சு. பதில் இல்ல. சாயங்காலம் வரைக்கும் இல்ல. காலையில எழுந்து பார்த்தா அப்பவும் இல்ல. நீலமாச்சே, யாரு கேட்டதுன்னு தெரியலையே. அதான் அத்தை ஃபோனை எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன், கூரியர் நோட்டுலேர்ந்து அட்ரஸைக் கிழிச்சுக்கிட்டேன், பஸ் ஏறிட்டேன்.

போய் என்ன பேசுறதுன்னுதான் இன்னும் முடிவாகல. மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ் குரல்ல பேசலாமா? யூனிஃபார்ம் மாட்டிக்கொடுத்துடும். பாப்பாவோட ஸ்கூல்லேர்ந்து வர்றேன்னு சொல்லலாமா? நீங்களே சொல்லுங்க, எது நம்புற மாதிரி... என் குரலா? என் குரல்ல சொன்னா யாரு அக்கா கேட்பாங்க?

இருங்க. ஃபோன். அத்தை ஃபோன்தான்.

அவங்கதான்! பேரு பாருங்க, "சுகந்தி மணப்பாறை". இருங்க, இருங்க, பேசாதீங்க.

"சொல்லுங்கம்மா... ஆங்."

"..."

"வணக்கங்க. ஆமாங்க, புவனாதான்."

"..."

"அப்படிங்களா. எப்பங்க?"

"..."

"கார்டு ஊர் பேரெல்லாம் சொல்லாதுங்க."

"..."

"கார்டு ஊர் பேரு சொல்லாதுங்க."

"..."

"......"

"கார்டு... ஊர் பேரெல்லாம் சொல்லாதுங்க. ஹலோ? ஹலோ?"

வச்சுட்டாரு.

அக்கா, போயிட்டாங்க! சுகந்தி போயிட்டாங்க! பாப்பாவையும் கூட்டிக்கிட்டு, விடியக்காலையிலேயே! ஃபோனை வீட்டுலேயே வச்சுட்டுப் போயிருக்காங்க, எவ்வளவு புத்தி பாருங்க. என் வாய்ஸைக் கேட்டுட்டுத்தான் போயிருக்காங்க. அட்டை ஜெயிச்சுடுச்சு!

இது அவங்க வீட்டுக்காரரு. எவ்வளவு மரியாதை தெரியுமா? நான் அவரை எப்படியோ நினைச்சிருந்தேன். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசுவாருன்னு. வெண்ணெய் மாதிரி பேசுறாரு அக்கா. கேளுங்க. "வணக்கம் மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். நீங்க என் மனைவிக்கு அனுப்பின வாய்ஸ் இப்பதான் கேட்டேன். ரொம்ப நல்லாப் பேசுறீங்க. காலையில எழுந்து பார்த்தா அவளும் இல்ல, பிள்ளையும் இல்ல. அவங்க அம்மா வீட்டுல விசாரிச்சுட்டேன், அங்க போகல. நீங்க பெரியவங்க, ஒரு கார்டு எடுத்துச் சொன்னா போய்க் கூட்டிட்டு வந்துடுவேன். திருப்பூருங்களா மேடம்?"

நான் டக்குன்னு சொன்னேன், "கார்டு ஊர் பேரெல்லாம் சொல்லாதுங்க." கேட்டீங்கல்ல? அத்தை மாதிரியே.

"கோயம்புத்தூருங்களா?"

டக்குன்னு சொன்னேன், "கார்டு ஊர் பேரு சொல்லாதுங்க."

"ஓசூருங்களா?"

இந்த இடத்துல நான்...

இந்த இடத்துல...

சொன்னேன்ல அக்கா? அதையேதானே சொன்னேன்? கார்டு ஊர் பேரெல்லாம் சொல்லாதுங்கன்னு. ஒரு எழுத்து மாத்தல. நீங்க பக்கத்துலேயே இருந்தீங்க. ஓசூர்னு என் வாயிலேர்ந்து வந்துச்சா?

அவரு ஏன் உடனே, "சரிங்க மேடம், நன்றி"ன்னு வச்சாரு?

எவ்வளவு நேரம் சும்மா இருந்தேன்? பொய் சொல்லாதீங்க. எண்ணிப் பார்த்தா எவ்வளவு இருக்கும்? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலா? நாலு வரைக்குமா?

அத்தை அப்படி நிறுத்தாது. அத்தைக்கு அங்க நிறுத்தே கிடையாது. அது நான்.

மணப்பாறையிலேர்ந்து ஓசூருக்கு எவ்வளவு நேரம் அக்கா? பைக்ல போனா? பஸ்ஸைவிட முன்னாடி போயிடலாமா? அவங்க விடியக்காலை கிளம்பியிருந்தா இப்ப சேலம்கூடத் தாண்டியிருக்க மாட்டாங்க. ஃபோன் வேற அவருகிட்ட இருக்கு. கிறிஸ்டி நம்பர் அதுக்குள்ளதானே இருக்கும். நான் எப்படிச் சொல்றது அவங்களுக்கு? யாருக்கு ஃபோன் பண்றது?

அந்த ஸ்டிக்கர். டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி, பெண்கள் உதவிக்குன்னு ஒரு நம்பர் போட்டிருக்கே. அதைப் படிங்க. கண்ணு தெரியல எனக்கு. படிங்க அக்கா.

ரிங் போகுது.

"வணக்கம்மா... ஆங். நான் டாரட்... இல்ல. இல்லைங்க. என் பேரு சங்கமித்ரா. பன்னெண்டாவது படிக்கிறேன். ஒருத்தங்க வீட்டை விட்டுக் கிளம்பிட்டாங்க, அவங்க வீட்டுக்காரரு பின்னாடியே போறாரு... ஆமாங்கம்மா, மனசை... இல்ல மேடம், வேணும்னு பண்ணல, பயத்துல அப்படி வருது."

"இல்ல, ஒருத்திதான் பேசுறேன்."

"சத்தியமா ஒருத்திதான்."

அக்கா, பெரியவங்க யாராவது பக்கத்துல இருந்தா கொடுக்கச் சொல்றாங்க. பிடிங்க. நீங்க மொதல்லேர்ந்து கேட்டுக்கிட்டுத்தானே வர்றீங்க. அட்டை, மிக்ஸி அதெல்லாம் சொல்லாதீங்க, நேரமில்ல. சுகந்தி, கூட ஒரு சின்னப் பொண்ணு, பெல்ட் கம்பெனி கிறிஸ்டி. நான் பண்ணினதை அப்புறம் நானே சொல்லிக்கிறேன். மொதல்ல ஊர் பேரைச் சொல்லுங்க.

சத்தமாச் சொல்லுங்க அக்கா. பஸ் சத்தத்துல கேட்காது. ஓசூர்னு சொல்லுங்க.